முற்றத்துப் பனியை எங்கே கொட்டுவது?

இல்-பிசார் தீவு,
மொன்றியல், கனடா.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் அருமைராசா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் புருசன் செபஸ்தியாம்பிள்ளை அன்போடு எழுதுவது. ஆண்டவரின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம், அதுபோல் உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "நாங்கள்" என்ற சொல்லுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். தை முதல் கிழமை மூவிராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு என்னோடு கோபித்துக்கொண்டு புரோசார்ட்டில் மகள் ஜெயனி வீட்டுக்குப் போன மாக்கிரட் இன்னும் திரும்பி வரவில்லை. போன் எடுத்தால் "ஓம்", "இல்லை", "வைக்கிறன்" என்ற மூன்று சொல்லோடு கதை முடிகிறது. இந்தக் கிழமை அதுவும் இல்லை, எடுக்கிறாவே இல்லை. நீங்கள் ஒருவர்தான் அவவுக்குப் புத்தி சொல்லக்கூடிய ஆள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுப் போனை எப்போதும் ஜெனாட் மச்சாள்தான் எடுப்பா. மச்சாளின் காதில் விழுந்த செய்தி நான் போனை வைக்க முன்னமே மாக்கிரட்டின் காதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதவும் பயம். போன முறை கால் ஆணிக்கு மருந்து கேட்டு உங்களுக்கு எழுதினது எப்படியோ குடும்பக் குறூப்பில் விழுந்து, பாரிஸிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் என் காலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஆகவே இதை நீங்கள் மட்டும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் குற்றத்தை உரிய இடத்தில் வைக்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம் மச்சான், குற்றம் உங்களுடையது. போன வருசத்துக்கு முந்தின வருசம் பங்குனியில், மூக்கு விறைக்கிற குளிருக்குள் கிடந்த எங்களை நீங்கள்தான் டிக்கெட் போட்டு கலிபோர்னியாவுக்கு, சான் டியேகோவுக்குக் கூப்பிட்டீர்கள். விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு பிழையும் நடந்திராது. நீங்கள் தெருத் தெருவாகக் காரை ஓட்டி, "இஞ்ச பாரும் செபஸ்தி, இது ஸ்பானிஷ் ஸ்ரைல், அங்கால நிக்கிறதும் ஸ்பானிஷ் ஸ்ரைல்" என்று காட்டினீர்கள். வெள்ளைச் சுவர், சிவப்பு மண் ஓடு, வாசலில் வளைவு, யன்னலுக்கு இரும்பில் பூ வேலை, சுவரெல்லாம் போகன்வில்லா. நூறு வருசத்துக்கு முந்தி அந்த ஊரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்ததாம், அதற்குக் கட்டின கட்டடங்களைப் பார்த்துச் சனம் மயங்கிப் போய் இந்தப் பாணியில் வீடு கட்டத் தொடங்கினதாம், அதற்குப் பிறகு எத்தனையோ பாஷன் வந்து போய்விட்டது, இது மட்டும் போகவில்லை, இன்றைக்கும் ஒரு வீடு விலைக்கு வந்தால் சனம் அடிபட்டு வாங்குது என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். உங்கள் வீடும் அதே பாணி. நடுவில் திறந்த முற்றம், அதில் ஒரு சின்ன நீரூற்று, மஞ்சளாய் எலுமிச்சை காய்க்கிற ஒரு தேசிமரம், சுற்றிவர அறைகள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதென்றால் முற்றத்தால்தான் போகவேண்டும். செருப்பில்லாத காலோடு முற்றத்தில் பதித்த அந்த ஓட்டில் நடக்கும்போது உள்ளங்காலில் ஏறுகிற வெதுவெதுப்பு இருக்கிறதே, அதுதான் மச்சான் என் குடியைக் கெடுத்தது.

கடைசி நாள் பின்னேரம் நானும் மாக்கிரட்டும் அந்த முற்றத்தில் இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தோம். நீங்களும் மச்சாளும் கடைக்குப் போயிருந்தீர்கள். மாக்கிரட் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "இப்பிடி இருக்கக் கிடைச்சா நான் சாகுமட்டும் வேற ஒண்டும் கேக்கமாட்டன்" என்று சொன்னா. கல்யாணம் கட்டின நாள் தொடங்கி நான் பாண் பேக்கரியில் நைட் ஷிப்ட் செய்தவன். அவ என்னிடம் வாய் திறந்து ஒரு பொருள் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. இதுதான் முதல் தரம் என்று நினைத்தேன். விமானத்தில் திரும்பி வரும்போதே சாப்பாட்டுக்குத் தந்த கடதாசித் துண்டில் வளைவு கீறத் தொடங்கிவிட்டேன்.

வீடு கட்ட றெக்ஸைப் பிடித்தேன். மன்னார்ப் பெடியன், நல்லவன், இந்த ஊரில் பாதித் தமிழருக்கு பேஸ்மென்ட் கட்டிக் கொடுத்தவன். நிலத்துக்கு மேலே அவன் செய்த முதல் வேலை என்னுடையது. அவனிடம் உள்ள ஒரே குறை, எதைக் கேட்டாலும் "ஓம் அண்ணை, செய்யலாம்" என்பதுதான். எங்கள் பழைய வீட்டின் நடுவில் ஓடின விறாந்தையை உடைத்து முற்றமாக்கலாமோ? ஓம் அண்ணை, செய்யலாம். வலப்பக்கம் குசினி, இடப்பக்கம் படுக்கையறை, முன்னுக்கு ஹோல், பின்னுக்குச் சாமான் அறை, நடுவில் வானம். செய்யலாம். "தம்பி, இஞ்ச ஸ்நோ விழுமே?" என்று ஒரு நாள் கேட்டேன். "அண்ணை, ஸ்நோ எல்லா வீட்டுக்கும்தானே விழுது" என்றான். நகரசபையில் இருந்த பெண் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக யோசித்துத்தான் செய்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டா. அனுமதி தர மனமில்லாமல் கேட்கிறா என்று எனக்கு இன்னும் வீம்பு ஏறியது. கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே என்று சும்மாவா சொன்னார்கள்.

போன வருசம் ஆனியில் வேலை முடிந்து, ஜெயனியின் பேஸ்மென்டிலிருந்து நாங்கள் குடிவந்தோம். பொய் சொல்லக்கூடாது மச்சான், அந்தக் கோடையில் இந்த வீடு இருந்த இருப்பே வேறு. பின்னேர வெயில் வளைவுக்குள்ளால் விழுந்து வெள்ளைச் சுவரைத் தேன் நிறமாக்கும். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரக் கிழவன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "ட்ரே போ, ட்ரே போ" என, தங்கள் பாசையில் வெகு வடிவென்று மெச்சி, அடுத்த நாள் வைன் போத்தலோடு வந்துவிட்டார். எங்கள் கோயில் பங்கில் கல்யாணம் கட்டின ஒரு சோடி இந்த முற்றத்தில் வந்து படம் எடுத்தது. மாக்கிரட் தன் கறிவேப்பிலை மரத்தை, தொட்டியோடு, நீரூற்றுக்குப் பக்கத்தில் வைத்தா. அந்த மரத்தை அவ ஒரு சாணாக இருந்த நாளிலிருந்து வளர்த்தவ என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தீவில் கடிக்கிற நுளம்பு மட்டும் கொஞ்சம் அதிகம். அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த மரத்தின் கதையை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் அதை உள்ளே எடுக்கச் சொல்லி மாக்கிரட் என்னிடம் சொன்னவ. நீரூற்றுக்குப் பக்கத்தில் அது நின்றால்தான் படத்தில் முற்றம் அசல் ஸ்பானியமாகத் தெரிகிறது என்று நான் இன்றைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். ஒரே குளிரில் மரம் கருகிப்போனது. அவ ஜெயனியின் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், புரோசார்ட் கடை ஒன்றில் அதே உயரத்தில் ஒரு மரம் வாங்கி, பழைய தொட்டியில் நட்டு, பழைய மண்ணை மேலே தூவி வைத்தேன். அவ வந்து பார்த்துவிட்டு, "வெயில் இல்லாட்டிலும் நல்லாத் துளிர்த்திருக்கு" என்று சந்தோசப்பட்டா. இதை மாக்கிரட்டுக்குத் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

இனி மாரிக்கு வருகிறேன். கார்த்திகைக் கடைசியில் முதல் ஸ்நோ விழுந்தது. முற்றத்தில் விழுந்தபோது அழகாகத்தான் இருந்தது, நான் படம் அனுப்ப நீங்களும் கைகூப்பிய படம் அனுப்பினீர்கள். பிறகு நான் ஸ்நோ அள்ளுகிற சவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு சவள் ஸ்நோவைக் கோலி எடுத்து நிமிர்ந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. இதை எங்கே கொட்டுவது? நாலு பக்கமும் என் வீடு. கூரைக்கு மேலால் எறிந்து பார்த்தேன், பாதி என் தலையில் விழுந்தது. கடைசியில் உடுப்பு ஊறவைக்கிற பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் நிரப்பி, ஹோலுக்குள்ளால், சோபாவுக்கும் ரீவிக்கும் நடுவால், மாதா சொரூபத்துக்கு முன்னால் மட்டும் தலையைக் குனிந்து, தெருவாசலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். இந்த ஊரில் எல்லாரும் ஸ்நோ வீட்டுக்குள் வராமல் பார்க்கிறார்கள், நான் ஒருவன்தான் அதை வீட்டுக்குள்ளால் ஊர்வலம் கொண்டுபோகிறவன். பக்கத்து வீட்டுக் கிழவன் தெருவில் நின்று கடைசித் தொட்டி வரைக்கும் பார்த்தார். என் வீட்டுக்குக் கூரை இல்லையென்று நினைத்திருப்பார், அதிலும் பெரிய பிழை இல்லை.

வெள்ளைச் சுவரின் சங்கதி இன்னொன்று. உங்கள் ஊரில் நீல வானத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எடுப்பாக நிற்கும். இங்கே தை மாதத்தில் வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை, கூரை ஓட்டின் சிவப்பும் ஸ்நோவுக்குள் போய்விட்டது. கார்ப்பாதையில் ஸ்நோ தள்ள வருகிற ட்ராக்டர்க்காரன் நேரே வந்து வாசல் வளைவில் மோதி, அதன் ஒரு காலைப் பெயர்த்துவிட்டு, இறங்கி வந்து, "முசியே, இதில ஒரு வீடு நிக்கிறது எனக்குத் தெரியேல்லை" என்றான். அவனோடு சண்டை பிடிக்கப் போன எனக்கே திரும்பிப் பார்க்க வீடு தெரியவில்லை. இப்போது சுற்றிவரச் செம்மஞ்சள் தடி நட்டு வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் தாங்கலாம் மச்சான். பூட்ஸைத்தான் தாங்க முடியவில்லை. எங்கட சனம் உயிர் போனாலும் சப்பாத்தோடு வீட்டுக்குள் நடக்காது. தெருவாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் வந்தால், குசினிக்குப் போகத் திரும்பவும் ஸ்நோவில் இறங்கவேண்டும், பூட்ஸோ தெருவாசலில் கிடக்கும். சரி என்று எல்லா வாசலுக்கும் ஒவ்வொரு சோடி வாங்கி வைத்தேன். இரண்டு நாளில் எல்லாச் சோடியும் குசினி வாசலில் போய்ச் சேர்ந்துவிடும், படுக்கையறை வாசலில் ஒற்றைக் கால் பூட்ஸ் ஒன்று அநாதையாகக் கிடக்கும். மாக்கிரட்டின் முழங்கால் உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்ப வர அவ நாலு தரம் குனிந்து நிமிரவேண்டும். டிசம்பர் நடுவில் அவ தேத்தண்ணியை விட்டுவிட்டா. வெறுத்துப்போச்சு என்று என்னிடம் சொன்னா, நானும் அதை நம்பினேன்.

அந்த நேரம் பார்த்துப் பங்கிலிருந்து கரோல் வந்தது. ஒரு வான் நிறையச் சனம், சின்னப் பிள்ளைகள், வயது போன ஆக்கள், கிற்றார், நத்தார் தாத்தா வேசத்தில் அன்டன். அன்டனை நீங்கள் காணவில்லை, தலையணை கட்டாமலே நத்தார் தாத்தாவாகக் கூடிய உடம்பு. வந்த எல்லாரும் ஒழுங்காகத் தெருவாசலில் பூட்ஸைக் கழற்றிக் குவித்துவிட்டு ஹோலுக்குள் வந்து பாடினார்கள். பாட்டு முடிய, மாக்கிரட் குசினி வாசலில் நின்று, "எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்று சந்தோசமாகக் கூப்பிட்டா. சனம் எழும்பி முற்றத்துக் கதவைத் திறந்தது, திறந்தபடி நின்றது. நடுவில் முழங்கால் அளவு ஸ்நோ, அங்காலே ஆவி பறக்கிற கோழிக்கறி. திரும்பிப் போய்ப் பூட்ஸ் எடுக்கலாம் என்றால் அந்தக் குவியலில் ஆருடையது எது என்று பிரிக்க விடிந்துவிடும். பசி தாங்காத இளசுகள் சொக்ஸோடு பாய்ந்துவிட்டன. மற்றவர்களுக்கு ஆண்டவர் அனுப்பின ஆள் அன்டன்தான், வேசத்தில் ஒரு பகுதி என்பதால் அவன் மட்டும் பூட்ஸைக் கழற்றவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டு போனான், பிறகு வயது போனவர்களை முதுகில் ஏற்றினான். பேரப்பிள்ளை கண்ட ஓர் அம்மா நத்தார் தாத்தாவின் முதுகில் இருந்துகொண்டு, "தம்பி, விழுத்திப்போடாத, விழுத்திப்போடாத" என்று செபம் சொல்லுமாப்போல் சொல்லிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினா. திரும்பி வருவதற்கும் அதே வாகனம்தான். நனைந்த சொக்ஸெல்லாவற்றையும் மாக்கிரட் வாங்கி ட்ரையரில் போட, வெளியே எடுத்தபோது ஒன்றுக்கும் சோடி இல்லை. இன்றைக்கும் ஞாயிறு பூசை முடிய ஆரோ ஒருவர் ஒற்றைச் சொக்ஸை என் முன்னால் நீட்டி, "அண்ணை, இது ஆற்றை?" என்று கேட்கிறார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மாக்கிரட்டும் அவர்களோடு சேர்ந்து சிரித்தா. வான் போன பிறகு குசினியில் கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், "இனி இந்த வீட்டுக்கு ஒருத்தரையும் கூப்பிட ஏலாது, என்ன?" என்று கேட்டா. வீட்டுக்கு ஆள் வந்தால்தான் அவவுக்கு நாள் விடிந்தமாதிரி.

றெக்ஸைக் கூப்பிட்டு முறையிட்டேன். அவன் முற்றத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் மாரிக்குக் காருக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் போட்டான். மேலே கூடாரம், கீழே நீரூற்று. நீரூற்றும் அதற்குள் உறைந்து இரண்டாய் வெடித்திருந்தது. "நிக்குமோ தம்பி?" "நிக்கும் அண்ணை." அடுத்த ஸ்நோவுக்குக் கூடாரம் முழுக்க முற்றத்துக்குள் படுத்துவிட்டது, முன்னம் ஸ்நோவை மட்டும் காவினேன், இப்போது கூடாரத்தையும் துண்டு துண்டாய் ஹோலுக்குள்ளால் காவவேண்டி வந்தது.

மூவிராசாக்கள் திருநாளுக்கு அடுத்த நாள் காலை நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. மாக்கிரட் படுக்கையறையிலிருந்து குசினிக்குப் போக முற்றத்தில் இறங்கியிருக்கிறா. குசினிக் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. திரும்பி வந்தால் படுக்கையறைக் கதவும் பின்னால் இறுகிவிட்டது, ஹோல் கதவும் அப்படியே. நைட்டியும், சோடி மாறின பூட்ஸுமாய் நடுமுற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறா. நான் ஹோலோடு இருக்கிற குளியலறையில் தமிழ் ரேடியோவைப் போட்டுவிட்டு முகம் வழித்துக்கொண்டு நின்றேன். உங்கள் வீட்டுச் சுவரைப்போல தடிப்பாக வரவேண்டும் என்று நான்தான் றெக்ஸுக்குச் சொல்லிக் கட்டினேன், வெயிலை மறிக்கிற சுவர் என் மனுசியின் குரலையும் மறித்துவிட்டது. அவ கத்தினது பக்கத்து வீட்டுக் கிழவனுக்குக் கேட்டு, அவர் ஓடிவந்து தெருவாசல் மணியை அடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். தோளாலே ஹோல் கதவை இடித்துத் திறந்தேன். அவவின் கை இரண்டும் கட்டையாய் விறைத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு சொல்லுத் திட்டவில்லை மச்சான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் பெட்டி அடுக்கினா. நான் பின்னால் நின்று, "நீர்தானே சான் டியேகோவில கேட்டனீர், இப்பிடி இருந்தா வேற ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு" என்று சொன்னேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தா.

"நான் வீட்டையே கேட்டனான்?"

"பின்னை?"

"அண்டைக்கு முழுநாளும் நீங்கள் எனக்குப் பக்கத்தில இருந்தனீங்கள். வேலையும் இல்லை, நித்திரையும் இல்லை, போனும் இல்லை. நான் அதைச் சொன்னனான். நீங்கள் அதைக் கேட்டுப்போட்டு வந்து, காலமை தொடங்கிப் பொழுதுபடுமட்டும் றெக்ஸோட நிண்டியள்."

ஜெயனி காரைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தனியே இருந்து யோசித்ததில் எனக்கு ஒன்று விளங்குகிறது. நூறு வருசமாய் அந்த வீடுகளில் சனத்துக்கு ஏன் ஆசை விடவில்லை? அது ஓட்டிலும் இல்லை, வளைவிலும் இல்லை. அங்கே வெயில் கொட்டுகிறது. அந்த வெயிலுக்கு ஒரு நிழல் வேண்டும், அந்த நிழலில் மனிசர் ஆறுதலாக இருக்கவேண்டும். அதற்கு எது தேவையோ அதை மட்டும் அந்த வீடு செய்கிறது, அதனால் பழசாகவில்லை. நான் வெயிலை விட்டுவிட்டு நிழலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இங்கே ஏற்கெனவே ஆறு மாதம் நிழல்தானே. மடையன் நான், மச்சான். பெரிய மடையன்.

வீட்டை விற்கப் போர்ட் போட்டேன், அது ஸ்நோவில் புதைந்தது. தோண்டி எடுத்துத் திரும்ப நட்டேன். விற்றுத் தருகிற பெண் "கலிபோர்னியாக் கனவு" என்று விளம்பரம் போட, ஓர் இளஞ்சோடி வந்தது. முற்றத்தைக் கண்டதும் அந்தப் பிள்ளை கன்னத்தில் கையை வைத்து "ஓ, சே போ!" என்றாள். அந்த ஒரு நொடியில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, ஏனென்றால் இந்த வீட்டை முதலில் கண்ட எல்லாரின் முகமும் அப்படித்தான் மலர்ந்தது, இத்தனைக்குப் பிறகும் மலர்கிறது. வாங்கச் சம்மதம் என்றார்கள். முற்றத்துக்கு மேலே கூரை அடைத்து, வளைவுகளை இடித்து, நடுவில் ஜிம் போடப்போவதாகப் புருசன்காரன் சொன்னான். நான், வீடு விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாக்கிரட்டிடம், ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். இதையும் அவவுக்குச் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்று. எழுத்துக் கோணல்மாணலாக இருப்பதற்கு வயதைக் குற்றம் சொல்ல வேண்டாம். போன கிழமை ஸ்நோத் தொட்டியோடு முற்றத்தில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வெடித்துவிட்டது, மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். சமையல் ஒற்றைக்கையால் நடக்கிறது, அதாவது முட்டை. ஜெயனிக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் மாக்கிரட் அடுத்த நிமிசம் வந்து நிற்பா, அது எனக்கு நிச்சயம். கை முறிந்ததுக்காக அவ வரவேண்டாம். வாறதென்றால் என்னைக் காண ஆசைப்பட்டு வரட்டும். இதை எக்காரணம் கொண்டும் சொல்லவே வேண்டாம்.

ஆகவே மச்சான், நீங்கள் ஜெயனி வீட்டுக்குப் போன் எடுத்து, உங்கள் சொந்த யோசனை மாதிரி மாக்கிரட்டிடம் கதைக்க வேணும். செபஸ்தி திருந்திவிட்டான் என்று சொல்லுங்கோ. முற்றத்தை மூடி விறாந்தை கட்டச் சொன்னால் கட்டுவான், வீட்டை விற்கச் சொன்னால் ஜிம்காரனுக்கே விற்பான், புரோசார்ட்டில் லிப்ட் வைத்த கொண்டோவில் இருக்கச் சொன்னாலும் இருப்பான் என்று சொல்லுங்கோ. நான் அழுதேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம், அழவும் இல்லை, வெங்காயம்.

உங்களுக்கும் ஜெனாட் மச்சாளுக்கும் ஆண்டவர் நல்ல உடல் சுகத்தையும், உங்கள் தேசிமரத்துக்கு நிறையக் காயையும் தரும்படி மாதாவை மன்றாடி, உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற வெயிலுக்கும் என் அன்பைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
செபஸ்தியாம்பிள்ளை

பி.கு: ஒட்டின உறையைத் திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போக வெளிக்கிடும்போது ஜெயனி போன் எடுத்தாள். நான் அம்மாவை ஒருக்கால் கூப்பிடச் சொல்ல, பிள்ளை மென்று விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். மாக்கிரட் புரோசார்ட்டில் இல்லையாம். சனிக்கிழமையே சான் டியேகோவுக்கு உங்களிடம் வந்துவிட்டாவாம். உங்களுக்குக் கண் ஆப்பரேசனாம், கொஞ்ச நாளைக்கு ஒன்றும் வாசிக்கக் கூடாதாம், கொழும்பில் இங்கிலிசில் படித்த ஜெனாட் மச்சாளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட ஒரு நாள் வேண்டுமாம், அதனால் உங்களுக்கு வருகிற தமிழ்க் கடிதமெல்லாம் மாக்கிரட்தான் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாவாம். ஆகவே மச்சான், ஜெயனி வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம். சொல்ல வேண்டாமென்று நான் கெஞ்சின மூன்றும், அந்த வெங்காயமும் இந்த நேரம் அவவின் வாயாலேயே உங்கள் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். கண் கெதியில் சுகமாக வேண்டும்.

மாக்கிரட், இனி இது உமக்கு. இதைக் கிழிச்சுப்போட்டு வேற எழுதத்தான் முதல் நினைச்சனான். இருந்து யோசிச்சுப் பாத்தா, கொண்ணருக்கு எண்டு நினைச்சபடியாத்தான் இவ்வளவும் எழுத வந்தது. நீர் வாசிப்பீர் எண்டு தெரிஞ்சிருந்தா, ஹீற்றர் வேலை செய்யுது, பேரனுக்குத் தடிமல் சுகம் எண்டு ரெண்டு வரியோட முடிச்சிருப்பன். அதால கிழிக்கேல்லை, அப்பிடியே போடுறன். உம்மை எனக்குத் தெரியும். கொண்ணருக்கு முன்னால எல்லாத்தையும் சத்தமா வாசிச்சிருக்க மாட்டீர், எங்கையோ ஒரு இடத்தை மனதுக்குள்ள வாசிச்சுப்போட்டு அடுத்த பந்திக்குத் தாவியிருப்பீர். அது எந்த இடமெண்டு மட்டும் ஒருக்காப் போன் எடுத்துச் சொல்லும்.